நான்கு செடிகளுக்கு அஞ்சும் அரசுகள்

வயது வந்த ஒருவர் தமது வீட்டினுள் ஒரு பூச்சாடியில் கஞ்சா விதையை ஊன்றி, முளைத்து வரும் செடியைத் தமது சொந்தப் பாவனைக்கென வளர்க்கலாமா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் இதற்கு விடை சொல்ல முற்பட்ட அரசுகள் ஒவ்வொன்றும் தமது உண்மையான முகத்தைக் காட்டிவிட்டன. மக்களின் சுகாதாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே திறைசேரியின் சுகாதாரத்தைக் கவனிக்கும் அரசு எது, குடிமகனின் வாசற்படியோடு தனது அதிகாரம் நின்றுவிட வேண்டும் என்பதை ஏற்கும் அரசு எது என்று அறிய இந்தச் செடியைப் போன்ற உரைகல் வேறொன்றில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கஞ்சாவின் பெருமை பாடுவதற்காக இதனை எழுதவில்லை. அது தீங்கற்ற பச்சிலை என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. இளவயதினர் அதனைத் தொடாதிருப்பதே நன்று. இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருந்து இதனைப் படிக்கும் அன்பர் எவரும் படித்து முடித்ததும் பூச்சாடி தேடிப் போகவும் வேண்டாம். அங்கெல்லாம் அதன் விலை சிறைவாசம். நான் எழுத வந்தது செடியைப் பற்றியல்ல, சட்டத்தின் நேர்மையைப் பற்றி.

கனடாவிலிருந்து தொடங்குவோம். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நாடு அது. 2018 ஒக்டோபர் 17 ஆம் திகதி அங்கு கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தோர் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்ப்பதை மத்திய சட்டம் குற்றமாகக் கருதாது. ஒன்ராறியோ இதனை ஏற்றுக்கொண்டது. கியூபெக் ஏற்கவில்லை, ஒரு செடி கூடக் கூடாது என்றது. மீறினால் 250 முதல் 750 டொலர் வரை அபராதம். மனிற்றோபாவும் அதே வழியிற் சென்று 2,500 டொலருக்கும் மேற்பட்ட அபராதத்தை விதித்தது. பின்னர் மனிற்றோபா தன் நிலையை மாற்றி, 2025 மே முதலாம் திகதி முதல் நான்கு செடிகளை அனுமதித்தது. கியூபெக் மட்டும் அசையவில்லை.

கியூபெக்கின் தடையை எதிர்த்து ஒரு குடிமகன் நீதிமன்றம் சென்றார். மறே-ஹோல் வழக்கு என அது அறியப்படுகிறது. 2019 இல் கியூபெக்கின் மேல் நீதிமன்றம் தடை செல்லாது என்றது. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. 2023 ஏப்ரல் 14 ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தடையை உறுதிசெய்தது. நான்கு செடிகள் வரை வளர்ப்போரை மத்திய அரசு தண்டிக்காது என்பதே மத்திய சட்டத்தின் பொருள். வளர்க்கும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை. ஆகவே மாகாணம் தடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் நியாயம். மாகாணத்தின் நோக்கம் வெளிப்படையானது. கஞ்சா வேண்டுவோர் அனைவரும் அரசின் கடைக்கே வரவேண்டும். அங்கு தரம் சோதிக்கப்படும், வயது பார்க்கப்படும், விளம்பரம் இராது என்பது அதன் வாதம்.

அரசமைப்பு அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொன்னது. அந்தத் தடை நியாயமானதா, விவேகமானதா என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் இருக்கவில்லை. அந்தக் கேள்வி நம் முன் இருக்கிறது. அது நியாயமற்றது என்பதே என் வாதம்.

கனடாவில் ஒருவர் தம் வீட்டில் தமது பாவனைக்காக பியரையோ வைனையோ வடித்துக்கொள்ளலாம். அங்குள்ள மத்திய உற்பத்தித் தீர்வைச் சட்டம், தாம் வசிக்கும் காணியில் புகையிலை பயிரிட்டு ஆண்டொன்றுக்கு 15 கிலோ வரை தமது சொந்தப் பாவனைக்குப் பதனிட்டுக்கொள்ளவும் ஒருவருக்கு இடமளிக்கிறது. புகையிலை மனிதரைக் கொல்லும் என்பதில் இன்று எந்த வைத்தியருக்கும் ஐயமில்லை. வடமராட்சியிலும் தீவகத்திலும் புகையிலைத் தோட்டத்திற்கு நீரிறைத்து வளர்ந்த தலைமுறைக்கும் அது தெரியும். கொல்லும் இலை 15 கிலோ ஆகலாம். நான்கு செடி ஆகாது. எந்தத் தராசில் இது நிறுக்கப்பட்டது?

சுகாதாரத் தராசு என்கிறார்கள். சரி, அந்தத் தராசையே எடுத்துப் பார்ப்போம். கஞ்சா கலந்த இனிப்புப் பண்டங்களை விற்பனைக்கு விடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கியூபெக் அவற்றைத் தடுத்தது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்கள் அனுமதித்தன. இனிப்பென்று எண்ணி உண்டு நச்சேறி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட சிறுவர்களின் தொகை, அனுமதித்த மாகாணங்களில் கியூபெக்கை விட வெகுவாக அதிகரித்தது என 2022 இல் ஒரு முன்னணி மருத்துவ ஆய்விதழ் காட்டியது. இங்கு கியூபெக் செய்தது சரி. அதற்குரிய பாராட்டைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வு எதனைச் சொல்கிறது? குழந்தையை ஏமாற்றியது கடையில் விற்ற பண்டம். கசப்பும் காட்டமும் கொண்ட பச்சை இலையைப் பிடுங்கி வாய்நிறைய உண்ணும் குழந்தையைக் காண்பது அரிது. வண்ண உறையில் வந்த மிட்டாயை எந்தக் குழந்தை விடும்? ஆபத்து வணிகத்தில் இருக்க, தடை பூச்சாடியின் மீது விழுந்திருக்கிறது.

இனி வணிகத்தைப் பார்ப்போம். ரொறன்ரோவில் வாழும் எம்மவர்களுக்கு ஜூலியன் பன்ரினோவின் பெயர் மறந்திருக்காது. 2000 முதல் 2005 வரை அந்நகரின் பொலிஸ் அதிபராக இருந்தவர். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதைக் கொலையைச் சட்டபூர்வமாக்குவதற்கு ஒப்பிட்டு 2004 இல் பேசியவர். பின்னர் ஹார்ப்பர் அரசில் அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில், 2012 இல், அந்த அரசு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. விற்கும் நோக்குடன் 6 செடி வளர்த்தாலே குறைந்தபட்சம் 6 மாதச் சிறை. நீதிபதிக்கு இரக்கம் காட்டும் உரிமையும் பறிக்கப்பட்டது. 2017 இல், சட்டம் மாறப்போகிறது என்பது உறுதியான பின்னர், அதே பன்ரினோ மருத்துவக் கஞ்சா நிறுவனமொன்றின் தலைவர்களில் ஒருவராகத் திறப்பு விழாவில் நின்றார். அவருடன் நின்றவர் கனடிய மத்திய பொலிஸின் முன்னாள் பிரதி ஆணையாளர்.

மனிதர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் இவருடைய காலத்தில் சங்கிலி பூட்டப்பட்ட இளைஞர்களின் குற்றப்பதிவு மாறியதா? 2019 இல் கனடிய அரசு கஞ்சா வைத்திருந்த குற்றத்திற்கு இலவச மன்னிப்புத் திட்டமொன்றை அறிவித்தது. தகுதியுள்ளோர் பத்தாயிரம் பேர் அளவில் இருப்பர் என அரசே கணித்தது. 2021 இன் இறுதிப்பகுதி வரை மன்னிப்புப் பெற்றோர் ஐந்நூறு பேர் கூட இல்லை. பொலிஸ் அதிபருக்குப் பங்குச்சந்தை திறந்தது. பிடிபட்டவனுக்கு வேலைவாய்ப்பு மூடியே கிடந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தவர், தண்டித்தவர், குடம் விற்றவர் எல்லோரும் ஒருவரே.

பெருநிறுவனங்களின் கதையும் தெரிந்ததே. ஒன்ராறியோவின் சிமித்ஸ் போல்ஸ் என்னும் சிற்றூரில் மூடப்பட்டிருந்த ஹெர்ஷி சொக்கலேற் தொழிற்சாலைக்குள் கஞ்சாப் பண்ணை அமைத்தது கனொப்பி குரோத் நிறுவனம். 2018 இல் மதுபான நிறுவனமான கொன்ஸ்ரலேஷன் பிராண்ட்ஸ் அதில் 500 கோடி கனடிய டொலரை முதலிட்டது. ஐந்தாண்டுகளில் ஆரவாரம் அடங்கிற்று. 2023 இல் அந்தக் கட்டடம் மீண்டும் ஹெர்ஷிக்கே விற்கப்பட்டது. மதுபான முதலாளிகள் கஞ்சாவில் பணத்தைக் கொட்டியது எதற்காக? மக்கள் அளவோடு பாவிக்க வேண்டும் என்பதற்காகவா? நாள்தோறும் அளவுக்கு மேல் பாவிப்பவனே எந்தப் போதை வணிகத்திற்கும் சிறந்த வாடிக்கையாளன். சாராயக் கடைக்கும் அதுவே விதி. வீட்டில் நான்கு செடி வளர்ப்பவர் இந்த வணிகத்திற்கு ஒரு சதமும் தருவதில்லை. அவரைக் குற்றவாளியாக்குவதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால் விடை தானாகவே வந்துவிடும்.

"வீட்டுக்குள் வளர்ப்பது ஆபத்தானது, மின்கசிவு, பூஞ்சணம், துர்நாற்றம், திருட்டு மின்சாரம்" என்று பட்டியல் வாசிப்பார்கள். பட்டியல் உண்மைதான். ஆனால் இந்தச் செடி வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதனை நான் சொல்கிறேன்.

கஞ்சா வெயிலுக்குரிய பயிர். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதனைத் திறந்த வெளியிலேயே வளர்த்தார்கள். அதனை அறைக்குள் தள்ளியது பொலிஸ் ஹெலிகொப்ரர். 1983 இல் கலிபோர்ணியாவில் கஞ்சாச் செடி ஒழிப்புப் படையணியொன்று அமைக்கப்பட்டது. வானிலிருந்து மலைச்சாரல்களைத் தேடி, செடிகளைக் கண்டு பிடுங்கி எரித்தார்கள். பயிரிட்டவர்கள் பயிரிடுவதை விட்டார்களா? கூரைக்குக் கீழே போனார்கள். நிலவறைகளிலும் வண்டிக் கொட்டில்களிலும் ஆயிரம் வாற்று விளக்குகள் எரியத் தொடங்கின. 1989 இல் அமெரிக்க மத்திய போதைத்தடுப்பு முகவரகம் விளக்கும் நீர்வளர்ப்புச் சாதனமும் விற்ற கடைகளைத் தேடிச் சோதனையிட்டது. 1992 இல் ஒரேகன் மாநிலத்தில், தெருவில் நின்றபடி வெப்பத்தைக் காட்டும் கருவியொன்றால் ஒரு வீட்டின் சுவரை அதிகாரிகள் அளந்தார்கள். உள்ளே விளக்கு எரிகிறதா என்று சுவரின் சூடு சொல்லுமாம். அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், பிடியாணையின்றி அவ்வாறு அளப்பது சட்டவிரோதமான சோதனையே எனத் தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பழைமைவாதியான நீதியரசர் அன்ரனின் ஸ்காலியா. வீட்டின் சுவருக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அவர் கூட மறுக்கவில்லை.

வெயிலை விட்டு விளக்கிற்கு வந்ததன் விலை என்ன? இந்தச் செடி இரவு நீளும்போதே பூக்கும் இயல்புடையது. ஆகவே அறைக்குள் வளர்ப்போர் முதலில் நாளொன்றுக்கு 18 மணிநேரமும், பூக்கவைக்க 12 மணிநேரமும் விளக்கெரிப்பது வழமை. ஆயிரம் வாற்று விளக்கு ஒன்று 18 மணிநேரம் எரிந்தால் 18 அலகு மின்சாரம். அதற்கு மேல் காற்றாடி, குளிரூட்டி, ஈரப்பதன் அகற்றி. அமெரிக்காவின் மொத்த மின்பாவனையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கை அறைக்குள் வளரும் கஞ்சா விழுங்குகிறது என்று 2012 இல் இவான் மில்ஸ் என்ற ஆய்வாளர் கணித்தார். ஒரு கிலோ உலர்ந்த கஞ்சாவை அறைக்குள் விளைவிக்க, இடத்துக்கேற்ப 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான மாசு வெளியாகிறது என்று 2021 இல் கொலராடோ அரச பல்கலைக்கழக ஆய்வொன்று சொன்னது. சூரியன் இலவசமாகச் செய்யும் வேலைக்கு இத்தனை நிலக்கரியும் எரிவாயுவும்!

இன்னொரு விலையும் உண்டு. அறைக்குள் இடம் குறைவு, ஆபத்து அதிகம். ஆகவே சிறிய இடத்தில் கூடிய போதை தரும் செடியையே வளர்ப்போர் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். மதுவிலக்குக் காலத்தில் பியர் மறைந்து கடும் சாராயம் பெருகியதும் இதே காரணத்தால்தான். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் ரி.எச்.சி. என்ற போதைக்கூறு 1995 இல் நூற்றுக்கு 4 அளவில் இருந்தது. 2014 இல் அது 12 அளவுக்கு ஏறியிருந்தது. எந்த வீரியத்தைக் காட்டி இன்று எம்மை அச்சுறுத்துகிறார்களோ, அந்த வீரியத்தின் வளர்ப்புத் தாய்களுள் தடைச்சட்டமும் ஒன்று.

பிரித்தானியாவில் இதனிலும் கொடிய விலை கொடுக்கப்பட்டது. அங்கு வாடகை வீடுகளின் யன்னல்களை அடைத்து, மின்மானியைத் தாண்டி மின்சாரம் திருடி, உள்ளே செடிகளைக் கவனிக்க வியட்நாமியச் சிறுவர்களைக் கடத்திவந்து பூட்டிவைத்தன குற்றக் கும்பல்கள். பொலிஸார் கதவை உடைத்தபோது அகப்பட்டவர்கள் அந்தச் சிறுவர்களே. முதலாளிகள் அகப்படவில்லை. அடிமையாக இருந்தவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு தண்டித்தார்கள். 2013 இல்தான் அவ்வாறு தண்டிக்கப்பட்ட வியட்நாமியச் சிறுவர் மூவரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. தன் யன்னலோரத்தில் நான்கு செடி வைத்திருப்பவருக்கு அடிமை தேவையில்லை. நானூறு செடி வைத்திருக்கும் கும்பலுக்கே தேவை. அந்த நான்கையும் தடைசெய்யும் சட்டம் அந்த நானூறுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அது மனநோய் பற்றியது. ஐரோப்பாவின் பல நகரங்களையும் பிரேசிலையும் உள்ளடக்கி 2019 இல் வெளியான ஆய்வொன்று, வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் பாவிப்போருக்கு உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு, பாவிக்காதோரை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. இதனை எள்ளி நகையாடுவோர் தம் பிள்ளைகளைப் பற்றிச் சிந்திக்காதவர்கள். புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் போரின் காயத்தோடு வந்த பெற்றோரும், இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நெருக்குண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆனால் அந்த ஆய்வில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: நாள்தோறும், வீரியம் மிக்க. அவற்றைக் குறைப்பதற்கு எந்தச் சட்டம் உதவும்? வீட்டுச் செடியும் வீரியமானதாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் வீட்டில் வளர்ப்பவருக்கு விற்பனை இலக்கு இல்லை. பக்கத்துக் கடையோடு வீரியப் போட்டி இல்லை. தமது நோய்க்குறியைப் பற்றி வைத்தியரிடம் பேசுவதற்கு அச்சமும் இல்லை. சட்டவிரோதமான வீட்டில் மகனுக்கு மனம் பிறழ்ந்தால், பெற்றோர் முதலில் வைத்தியரை அழைப்பார்களா, முதலில் அறையைத் துடைப்பார்களா? "சனம் என்ன சொல்லும்" என்று ஏற்கெனவே நடுங்கும் எமது சமூகத்தில் இதற்கான விடையை நான் எழுதத் தேவையில்லை.

"நான்கு என்பார்கள், நாற்பது வளர்த்து விற்பார்கள்" என்பது அடுத்த வாதம். இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கனடாவில் மருத்துவ அனுமதி என்ற பெயரில் நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்து வெளியே விற்றோர் உண்டு. அது வணிகம். வணிகத்தை வணிகமாகவே கண்டு தண்டியுங்கள். ஒருவன் கள்ளச் சாராயம் வடித்தான் என்பதற்காகத் திராட்சைக் கொடி வைத்திருக்கும் வீடுகளையெல்லாம் சோதனையிடுவதில்லையே! அடுக்குமாடியில் வாழும் அயலவருக்கு மணமும் ஈரமும் தொல்லை என்றால், வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் தடுக்கட்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அறைக்குப் பூட்டு வேண்டும் என்று சட்டம் விதிக்கட்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை.

வேறு வழி உண்டு என்பதற்குத் தென்னாபிரிக்கா சான்று. 2018 செப்டெம்பர் 18 ஆம் திகதி அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், வயது வந்த ஒருவர் தனிப்பட்ட இடத்தில் தமது பாவனைக்குக் கஞ்சா வளர்ப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு முரண் என்றது. தீர்ப்பை எழுதியவர் ரேமண்ட் சொண்டோ. விற்பனையை நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. நிறவெறி ஆட்சியில் கதவுகளை உடைத்துப் புகுந்த பொலிஸைக் கண்ட மக்களுக்கு, வீட்டுக் கதவின் அருமை புரிந்திருந்தது. 2024 மே மாதத்தில் அதற்குரிய சட்டத்தில் ஜனாதிபதி ரமபோசா கையொப்பமிட்டார். அலாஸ்கா மாநிலத்தின் உச்ச நீதிமன்றமோ 1975 இலேயே வீட்டின் அந்தரங்கத்தைக் காரணமாகக் காட்டி இதற்கு நெருங்கிய தீர்ப்பை அளித்துவிட்டது. உருகுவே 2013 இல் ஆறு செடிகளையும், மோல்ற்றா 2021 இல் நான்கு செடிகளையும், ஜேர்மனி 2024 ஏப்ரல் முதலாம் திகதி முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடிகளையும் அனுமதித்தன.

தாய்லாந்து எதிர்ப்புறமான பாடத்தைத் தருகிறது. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கி, வீடுகளுக்குப் பத்து இலட்சம் செடிகளை இலவசமாகக் கொடுப்போம் என்றது அரசு. கட்டுப்பாட்டுச் சட்டத்தை மட்டும் இயற்றவில்லை. விளைவு, தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாது என்று பின்வாங்கியது. அங்கு நாட்டைத் திணறடித்தது குடியானவன் முற்றத்துச் செடியல்ல; உல்லாசப் பயணியை எதிர்பார்த்துத் திறந்த கடை.

இனி எம் தாய்நாட்டிற்கு வருவோம். இலங்கையில் 1929 இன் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடுக்கிறது. வெள்ளைக்காரன் இயற்றிய சட்டம். அதே வெள்ளைக்காரன் 1893 இல் இந்தியாவில் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பாவனையால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை தேவையில்லை என்று அறிக்கை பெற்றவன். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. சட்டம் எங்கள் தலைக்கு வந்தது.

எமது சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கஞ்சாவுக்கு இடமுண்டு. பதிவுபெற்ற வைத்தியருக்கும் வளர்க்கும் உரிமை இருக்கவில்லை. நீதிமன்றங்களில் சான்றுப்பொருளாகக் கிடந்த கஞ்சாவே மருந்துக்கு வழங்கப்பட்டது. வழக்கு முடியும்வரை நான்கைந்து ஆண்டுகள் கிடந்து வீரியமிழந்த சரக்கு அது. 2017 இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே இதனை ஒப்புக்கொண்டார். பின்னர் பொருளாதாரம் சரிந்தது. டொலர் தேடிய அரசின் கண் செடியின் மீது விழுந்தது. 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கை பற்றி ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க பேசினார். 2025 இல் வெளிநாட்டு முதலீட்டாளர் சிலருக்கு முதலீட்டுச் சபையின் ஊடாக வழி திறக்கப்பட்டது. நிபந்தனை என்னவென்றால் விளைவது முழுவதும் ஏற்றுமதியாக வேண்டும்.

டொலரோடு வருபவனுக்கு ஏக்கர் கணக்கில் தோட்டம். உள்ளூர் வைத்தியருக்குச் சான்றுப்பொருள் அறையின் தூசி. கொல்லையில் ஒரு செடி வைத்த ஏழைக்கு விலங்கு. இதில் எங்கே சுகாதாரம் இருக்கிறது?

தடையால் கஞ்சா இல்லாமற் போயிற்றா? வடகடலில் கேரள கஞ்சா பிடிபட்டது என்ற செய்தியை நாங்கள் எத்தனை முறை அச்சேற்றியிருப்போம்! மன்னார், வடமராட்சி, தீவகம் என்று ஊர் மாறும், எடை மாறும், செய்தி மாறாது. பிடிபடுவோர் படகோட்டிகள். பணம் போட்டவர்களின் பெயர் அச்சுக்கு வருவது அரிது. எங்கள் கரையோர இளைஞர்களை விழுங்குவது இந்தக் கடத்தல் வணிகம்.

அந்த மறே-ஹோல் தீர்ப்பு வெளியாகிப் பன்னிரண்டே நாட்களின் பின், 2023 ஏப்ரல் 26 ஆம் திகதி அதிகாலை, சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தச் சதி செய்து உடந்தையாக இருந்தார் என்பது குற்றம். அந்தக் கஞ்சா அவர் கையில் இருந்து கைப்பற்றப்பட்டதல்ல. அவரது தொலைபேசி இலக்கங்களே அவரைப் பிணைத்த முக்கிய சான்று. ஒரே மாதத்தில், ஒரே செடிக்காக, ஒரு நாட்டில் 250 டொலர் அபராதம் சரியா என்று உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் ஆராய்ந்தார்கள். மற்றொரு நாட்டில் ஒரு தமிழனின் கழுத்தில் கயிறு விழுந்தது. செடியின் இயல்பு கடல் கடந்ததும் மாறிவிடுவதில்லை. மாறுவது அரசின் அச்சமும் ஆதாயமும்தான். ஆகவேதான் நான்கு செடிப் பேச்சு கனடியரின் பொழுதுபோக்குப் பேச்சு அன்று என்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவே. வயது வந்தவர், தமது வீட்டில், எண்ணி அடங்கும் சில செடிகள், விற்பனை இல்லை, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், இயன்றால் விளக்கில்லாமல் வெயிலில். இதனை அரசு குற்றமாக்கக் கூடாது. இலங்கை அரசு முதலீட்டாளருக்கு வேலியடைத்துக் கொடுக்குமுன், பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு மருந்துச் செடி வளர்க்கும் அனுமதியை வழங்க வேண்டும். ஒரு செடிக்காகவும் சொற்ப அளவுக்காகவும் சிறையில் இருப்போரின் வழக்குகளை மீளாய்வு செய்ய வேண்டும். கனடா அந்த ஏனைய ஆயிரக்கணக்கானோரின் குற்றப்பதிவை விண்ணப்பம் கேட்காமலே அழிக்க வேண்டும்.

கஞ்சா தீயது என்றால் முதலீட்டாளனுக்கும் அது தீயதாகவே இருக்க வேண்டும். பொறுக்கத்தக்கது என்றால் பூச்சாடியிலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எதனைச் சொன்னாலும் அந்த அரசோடு வாதிட்டுப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லும் அரசுக்கு, அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டும் அருகதை இல்லை.